அண்ணப்பிளவு: காது டெஸ்ட் நார்மல், ஆனால் வகுப்பில் சரியாகக் கேட்கவில்லை

திண்டுக்கல் அம்மா:
என் மகனுக்கு 6 வயது முடிந்துவிட்டது. பிறவியிலேயே அண்ணப்பிளவு, அதாவது வாயின் மேற்கூரை பிளந்திருந்தது. 11 மாதத்தில் அண்ணத்தைத் தைத்தார்கள். காதுக்குள் நீர் கோத்திருந்ததால் 2 வயதில் இரு பக்கமும் கிரோமெட் (செவிப்பறையில் பொருத்தும் சிறு குழாய்) வைத்தார்கள், ஒரு வருடத்தில் அது தானாக விழுந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் எல்லாம் புரிகிறது. ஆனால் சொல்வதை எழுதுதலில் 'தட்டு' என்றால் 'பட்டு' என்று எழுதி வருகிறான். "கவனமே இல்லை" என்று டீச்சர் டைரியில் எழுதியிருக்கிறார். மே மாதம் எடுத்த காது டெஸ்ட் நார்மல். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து இன்னும் மோசம், ஃபேன் ஓடினாலே மூன்று தரம் "என்னம்மா?" என்கிறான். அண்ணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? நானும் அவனைத் திட்டிவிட்டேன். அதை நினைத்தால் தாங்கவில்லை.

வேலூர் ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதிப்பவர்):
சம்பந்தம் உண்டு அம்மா. நாம் எச்சில் விழுங்கும்போது அண்ணத்தில் உள்ள ஒரு சிறு தசை, மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுச்செவிக்குப் போகும் குழாயை இழுத்துத் திறக்கும். அண்ணப்பிளவு உள்ள பிள்ளைகளுக்கு அந்தத் தசை சரியாக இழுக்காது. காற்று போகாமல் நீர் தேங்கும். தைத்த பிறகும் பலருக்குச் சில வருடம் இது தொடரும். நீர் இருக்கும்போது 20, 30 டெசிபல் வரை கேட்கும் திறன் குறையலாம். சளி பிடித்தால் கூடும், அப்புறம் வற்றும். மே மாத ரிப்போர்ட் இந்த மழைக்காலத்துக்குச் செல்லாது. செவிப்பறை சரியாக அசைகிறதா என்று பார்க்கும் டிம்பனோமெட்ரி சோதனையோடு சேர்த்து மறுபடி பாருங்கள். வலிக்காது, சில நிமிடம்தான். அதன் வரைபடத்தில் கோடு தட்டையாக வந்தால் பெரும்பாலும் நீர்தான்.

அதுவும் சரியாக இருந்தால் இரைச்சலில் பேச்சைப் பிரித்தறியும் சோதனை இருக்கிறது. அமைதியான அறையில் 'பீப்' கேட்பது வேறு, வகுப்புச் சத்தத்தில் ஒரு சொல்லைப் பிடிப்பது வேறு. பேச்சைக் கேட்டுப் பழகும் வயதில் சத்தம் மங்கி மங்கி வந்திருந்தால், மூளை ஒலிகளைப் பிரித்துப் பழகத் தாமதமாகலாம். அதற்கான முழுச் சோதனையைப் பொதுவாக 7 வயதுக்குப் பிறகுதான் செய்வோம்.

தஞ்சாவூர் அப்பா:
என் மகளுக்கும் இதேதான் சகோதரி. செலவு பயமாக இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. (குழந்தைகளின் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் மாவட்ட மையம்) எங்கே என்று கேளுங்கள். 2013-இல் வந்த ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் அண்ணப்பிளவும் கேட்கும் குறைபாடும் இருக்கின்றன, 18 வயது வரை பார்ப்பார்கள். பள்ளியில் முதல் பெஞ்சு கேளுங்கள், ஜன்னலோரம் வேண்டாம். போர்டைப் பார்த்துக்கொண்டே டீச்சர் சொல்வதுதான் என் மகளுக்குப் பிடிபடவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்த பிறகு பாதிப் பிரச்சினை குறைந்தது.

திண்டுக்கல் அம்மா:
இன்று போய் வந்தோம். இரண்டு காதிலும் கோடு தட்டை. மூன்று மாதம் பார்த்துவிட்டு, நீர் வற்றாவிட்டால் மறுபடி கிரோமெட் பற்றிப் பேசலாம் என்றார் இ.என்.டி. டாக்டர். ரிப்போர்ட்டை டீச்சரிடம் கொடுத்தேன், நாளையிலிருந்து முதல் பெஞ்சு. ராத்திரி ஃபேனை நிறுத்திவிட்டு அவன் எதிரே உட்கார்ந்து 'தட்டு' சொன்னேன். சரியாக எழுதினான்.