செதில்பூச்சியின் நடமாடும் பருவம்: ‘ஊர்குஞ்சு’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

செதில்பூச்சி என்பது செடியில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் சிறு பூச்சி (scale insect). முட்டையிலிருந்து வந்ததும் இடம் தேடி அலையும் அதன் பருவத்துக்கு (crawler) ‘தவழ்பூச்சி’ என்ற தமிழ்ச்சொல் நம் கலைச்சொல் உரையாடலில் முன்வைக்கப்பட்டது. ஆனால் தமிழில் தவழ்வது குழந்தை, பூச்சி ஊரும். ‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்றுதானே சொல்கிறோம். சாறு உறிஞ்சும் பூச்சிகளின் இளம்பருவத்தைக் ‘குஞ்சு’ என்று எழுதுவது வேளாண் தமிழில் ஏற்கெனவே வழக்கம். அதனால் ‘ஊர்குஞ்சு’ என்பது என் பரிந்துரை.

‘இளங்குஞ்சு’ போதாதா என்றால், போதாது. வீட்டு ஆர்க்கிட்டுகளைப் பாடாய்ப்படுத்தும் போய்டுவால் (Boisduval) செதில்பூச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். பெண்பூச்சி ஓரிடத்தில் வாயூசியைச் செருகி உட்கார்ந்து, முதல் தோலை உரித்ததும் கால்களை இழந்துவிடும். மேலே மெழுகு ஓடு வளரும். பிறகு தெளிப்பது பெரும்பாலும் ஓட்டோடு நின்றுவிடும். அப்படி உட்கார்ந்துவிட்டதையும் ‘இளங்குஞ்சு’ என்றுதான் சொல்வோம். ஆனால் சோப்புக் கரைசலும் தோட்ட எண்ணெயும் நன்றாக வேலை செய்வது அது கால்களோடு, ஓடில்லாமல் திரியும்போதுதான். செடி வளர்ப்பவருக்கு எப்போது தெளிப்பது என்பதைச் சொல்லும் பெயர் வேண்டும்.

பார்ப்பதற்கும் இது தனி உருவம். இலையின் அடிப்பக்கத்தில் நடுநரம்பை ஒட்டியும், குமிழ்த்தண்டைப் (ஆர்க்கிட்டின் பருத்த தண்டு) போர்த்திய காய்ந்த உறைக்குள்ளும் 10 மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள். வெளிர்மஞ்சள் தூசி மாதிரி இருக்கும். சற்றுப் பொறுத்தால் அந்தத் தூசி நகரும். இலை தொடங்கும் இடத்தில் இருபுறமும் ஒட்டும் டேப்பைச் சுற்றி வைத்தால், நடமாடும்போது அதில் சிக்கும். அருகிலேயே வெள்ளைப் பஞ்சுபோல் கொத்துக் கொத்தாக ஆண்பூச்சிகளின் கூடுகள் இருக்கலாம். பலர் அதை மாவுப்பூச்சி என்று நினைத்துவிடுகிறார்கள்.

எழுதும்போது ஒரு கவனம் தேவை. இது வினைத்தொகை, ஒற்று மிகாது. ‘ஊர்க்குஞ்சு’ என்று போட்டால் ஏதோ ஓர் ஊரின் குஞ்சாகிவிடும்!

அப்புறம், சாறு உறிஞ்சும் பூச்சிகள் கழிக்கும் இனிப்பான பிசுபிசுப்பு நீருக்கு (honeydew) முன்வைக்கப்பட்ட ‘தேன்கழிவு’ பற்றி. சொல் எனக்குச் சரியே. ஆனால் “இலையில் பிசுபிசுப்பு இல்லையென்றால் செதில்பூச்சி இல்லை” என்று அதனோடு தந்த விளக்கத்தை நீக்க வேண்டும். மென்செதில் வகைதான் அதைக் கழிக்கும், போய்டுவால் போன்ற ஓட்டுச்செதில் வகை கழிக்காது. தவிர, பூங்காம்பில் ஆர்க்கிட்டே இனிப்புத் துளிகளைச் சுரப்பதும் உண்டு.

உட்கார்ந்துவிட்ட பருவத்துக்கு ‘அமர்குஞ்சு’ என்று இணைச்சொல் வைக்கலாமா? இதைவிடப் பொருத்தமானது தோன்றினால் எழுதுங்கள்.