பிரெஞ்சு நன்றாகக் கதைக்கிறேன், எழுதினால்தான் கோளாறு. உதவி தேவை

லாச்சப்பல் தம்பி:
அண்ணாமார், அக்காமார், பரிஸ் பக்கம் வந்து 12 வருடம். ரெஸ்டோரன்ட் குசினியில் வேலை. கோப்பை கழுவத் தொடங்கி இப்போது அடுப்படிக்கு வந்திருக்கிறேன். பிரெஞ்சு எல்லாம் அங்கே காதால் பிடித்ததுதான். கதைத்தால் ஒருவரும் குறை சொல்வதில்லை. எழுதினால்தான் மானம் போகிறது.

போன மாதம் ஷெஃப் சனிக்கிழமைக்கு ஆள் தேடினார். கூடுதல் நேரம் செய்யலாம் என்று நினைத்து வாட்ஸ்அப்பில் 'ஜெ பு ப்ளுஸ் த்ரவாயே சம்தி' என்று போட்டேன். அவர் 'சரி, ஓய்வெடு' என்று பதில் போட்டு, வேறு ஆளைப் பிடித்துவிட்டார். எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். மகளின் பள்ளிக் கொப்பியில் டீச்சருக்கு இரண்டு வரி எழுதினேன். எட்டு வயதுப் பிள்ளை வாசித்துவிட்டு, 'அப்பா, இதைக் கொடுக்கவேண்டாம்' என்கிறாள். இலக்கணப் புத்தகம் ஒன்று வாங்கி மூன்றாம் பாடத்தோடு மூடிவிட்டேன். பத்து வருட கார்த்துக்கு (வதிவிட அட்டைக்கு) 2026 ஜனவரியில் இருந்து பி1 என்ற மொழித் தரம் கேட்கிறார்களே, அதுவும் தலைக்குள் நிற்கிறது. எங்கே தொடங்குவது?

வடமராட்சியான்:
தம்பி, டீச்சருக்கு என்ன எழுதினீர்கள்? திருத்தாமல் அப்படியே போடுங்கள். நோவு எங்கே என்று பார்த்துத்தானே மருந்து சொல்லலாம்.

லாச்சப்பல் தம்பி:
'மகளுக்குச் சுகமில்லை, வீட்டில் நிற்பாள், உனக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.' இதுதான் விஷயம். 'சுகமில்லை' என்பதில் வரும் 'ஏ'க்கு ஈ-டி (et) எழுதினேன். 'மறந்துவிட்டேன்' என்ற 'ஊப்ளியே'க்குக் கடைசியில் ஈ-ஆர் (er). 'நிற்பாள்' என்ற 'வா ரெஸ்தே'க்குக் கோடு போட்ட ஈ (é).

வடமராட்சியான்:
சரி, பிடிபட்டது. மூன்றும் ஒரே பிழை. உங்களுக்கு இலக்கணம் தெரியாமல் இல்லை, காதை நம்பி எழுதுகிறீர்கள். 'பார்லே' என்று தமிழில் எழுதிப் பாருங்கள். பேச, பேசிய, பேசுகிறீர்கள் மூன்றுக்கும் அதே மூன்று எழுத்துத்தான். பிரெஞ்சில் முதலாவதற்கு ஈ-ஆர், அடுத்ததற்குக் கோடு போட்ட ஈ, மூன்றாவதற்கு ஈ-இசட். காதால் இதைப் பிரிக்கவே முடியாது. நமக்கு ன, ண மாதிரி. ஊரில் வாத்தியாரிடம் அடி வாங்கித்தானே அதைப் பழகினோம்?

இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு உபாயம் சொல்லிக்கொடுக்கிறார்கள். சந்தேகமான வினையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'விற்பது' என்ற வினையை வையுங்கள். அதற்கு இரண்டு வேறு ஓசை: 'வான்த்ர்', 'வான்து'. 'எல் வா வான்த்ர்' என்றுதான் வாய்க்கு வருகிறது, ஆகவே 'வா ரெஸ்தே'க்கு ஈ-ஆர். 'ஜே வான்து' என்றுதான் வருகிறது, ஆகவே 'ஜே ஊப்ளியே'க்குக் கோடு போட்ட ஈ. பொருள் கோமாளித்தனமாக இருக்கும், பரவாயில்லை. 12 வருடம் கேட்ட காது பொய் சொல்லாது.

'ஏ'க்கும் இப்படித்தான். அந்த இடத்தில் 'எத்தே' (இருந்தது) பொருந்தினால் ஈ-எஸ்-டி. பொருந்தாவிட்டால் அது 'உம்', அதற்குத்தான் ஈ-டி. மகள் 'உம்' சுகமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், பிள்ளை சிரிக்காமல் என்ன செய்யும்!

புதுவை அக்கா:
நான் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள், இப்போது இங்கேதான். தம்பியின் சனிக்கிழமைக் கதைக்கு வருகிறேன். 'கூடுதலாக' என்பதற்கு வாயில் 'ப்ளுஸ்', 'இனி இல்லை' என்பதற்கு 'ப்ளு'. எழுத்தில் இரண்டும் ஒன்றேதான். பேசும்போது மறுப்புக்குரிய 'ந' என்ற சொல்லை எல்லோரும் விழுங்கிவிடுகிறார்கள். அதனால் உங்கள் ஷெஃப், 'இனிச் சனிக்கிழமை என்னால் வேலை செய்ய முடியாது' என்று வாசித்திருக்கிறார். அவர் மேல் தப்பில்லை. அடுத்த முறை 'ஜெ பு ஃபேர் தெ ஸர் சுப் சம்தி' என்று போடுங்கள். 'அர் சுப்' (கூடுதல் நேர வேலை) குசினியில் தினமும் கேட்கிற சொல்தானே. மறுத்து எழுதும்போது அந்த 'ந'வை விடாதீர்கள்.

அப்புறம், டீச்சருக்கு 'உனக்கு' என்றா எழுதினீர்கள்? குசினியில் ஷெஃப் முதல் கோப்பை கழுவுபவர் வரை எல்லோரும் 'து' (நீ)தான். அந்தப் பழக்கம் கைக்கும் வந்துவிட்டது. டீச்சர், வீட்டுக்காரர், அலுவலகம் என்றால் 'வூ' (நீங்கள்)தான். 'ஜெ வு' (எனக்கு வேண்டும்) என்பதும் எழுத்தில் அதட்டலாகத் தெரியும், 'ஜெ வூத்ரே' என்று எழுதுங்கள். யாருக்குப் போகிறது என்று தெரியாத கடிதத்துக்கு 'மதாம், முஸ்யு' என்று தொடங்கி ஒரு காற்புள்ளி. சாதாரண மெயிலை முடிக்க 'கோர்தியால்மான்' போதும். கடைசியில் மரியாதையாக எழுதும் அந்த நீண்ட சலாம் வாக்கியம் தாளில் போகும் கடிதத்துக்கு.

இரவுப் பணி:
எதற்கு இந்தப் பாடு? போனில் தமிழில் எழுதினால் பிரெஞ்சில் மாற்றித் தருகிறது. நான் அப்படித்தான் அனுப்புகிறேன், ஒரு பிரச்சினையும் இல்லை.

வடமராட்சியான்:
வாசித்துச் சரிபார்க்கத் தெரிந்தால் அனுப்பலாம், தெரியாவிட்டால் அதுவும் சனிக்கிழமைக் கதைதான். டெல்ஃப் என்ற பிரெஞ்சுப் பரீட்சையில் பி1 எழுத்துப் பகுதி 45 நிமிடம், குறைந்தது 160 சொல், போன் கிடையாது. வாடகைத் தகராறு, அலுவலக மேல்முறையீடு போன்ற பாரமான கடிதங்களுக்கு 'எக்ரிவான் புப்ளிக்' என்று ஆட்கள் இருக்கிறார்கள். பல மெரிகளிலும் (நகரசபைகளிலும்) சங்கங்களிலும் இலவசமாக எழுதித் தருவார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, பிரெஞ்சுக்காரர்களும் அங்கே வரிசையில் நிற்கிறார்கள்.

தினமும் செய்ய ஒன்று சொல்கிறேன். ஆர்.எஃப்.ஐ. வானொலியில் 'ஜூர்னால் ஆன் ஃபிரான்சே ஃபசில்' என்று பத்து நிமிடச் செய்தி உண்டு. சொல்வதை எழுத்திலும் போடுகிறார்கள். மெட்ரோவில் கேளுங்கள். வீட்டில் மூன்றே மூன்று வாக்கியத்தைத் திரும்பக் கேட்டு எழுதி, அவர்கள் எழுத்தோடு ஒப்பிடுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம், நான்காம் நாள் விட்டுவிடுவீர்கள். பிழையைச் சிவப்பால் வெட்டாமல், ஏன் அப்படி என்று பக்கத்தில் தமிழில் ஒரு வரி எழுதிவையுங்கள். என் கொப்பியில் பாதிக்கு மேல் அந்த ஈ-ஆர்தான்.

லாச்சப்பல் தம்பி (மூன்று கிழமை கழித்து):
'வான்த்ர்' வேலை செய்கிறது! ஷெஃபுக்குப் போட்ட 'அர் சுப்'புக்கு இரண்டு சனி கிடைத்தது. வானொலி கிழமைக்கு நாலு நாள்தான் ஓடுகிறது, வேலை முடிந்து வந்தால் கண் சொருகுகிறது. மகளிடம் பேனையைக் கொடுத்துத் திருத்தச் சொல்கிறேன், அவளுக்குப் பெரிய சந்தோசம். ஆனால் இந்த 'சே' இருக்கிறதே, 'இவை', 'அவனுடையவை', 'இது' எல்லாவற்றுக்கும் ஒரே ஓசை. இதற்கும் ஏதாவது உபாயம் உண்டா?

புதுவை அக்கா:
உண்டு தம்பி. ஒருமையாக்கிப் பாருங்கள். 'சொன்' அல்லது 'சா' வந்தால் எஸ்ஸில் தொடங்கும், 'செத்' அல்லது 'ஸ' வந்தால் சி-யில். 'அது இருந்தது' என்று 'சேத்தே' பொருந்தினால் சி-க்குப் பிறகு மேலே ஒரு காற்புள்ளி (அப்போஸ்ட்ரோஃபி) போட்டு எழுதுகிற 'சே'. மகளையும் கேட்டுப் பாருங்கள், வகுப்பில் அவளுக்கு இது வந்திருக்கும்.