பாலேவா மாடர்ன் டான்ஸா, மனசுல இருக்கறத எது சொல்லும்?

மண்தரை:
எட்டு வருஷம் பாலே ஆடிட்டு விட்டவ நான், இப்ப மூணு வருஷமா மாடர்ன் டான்ஸ உருவாக்குனவங்கள்ல ஒருத்தரான மார்த்தா கிரஹாமோட முறை கத்துக்கறேன். நேத்து இங்க ஒருத்தர் "பாலே வராதவங்கதான் மாடர்ன் டான்ஸுக்குப் போறாங்க"ன்னு எழுதியிருந்தாரு, மனசு கேக்கல, அதான் எழுதறேன். பாலேல கஷ்டப்படுறது வெளிய தெரியவே கூடாது. விரல் நுனியில நிக்கறதுக்குப் போடற பாயின்ட் ஷூக்குள்ள பெருவிரல் நகத்துல ரத்தம் கட்டி கறுத்துப் போயிருக்கும், முகம் மட்டும் மலர்ந்தாப்ல இருக்கணும். கிரஹாம் கிளாஸ்ல முதல் நாள் நிக்கவே விடல, தரையில உக்காரவச்சு மூச்ச விடு, அடிவயித்த உள்ள இழு, முதுகு வளையட்டும்னாங்க. காண்ட்ராக்‌ஷன்னு பேரு. தேம்பி அழறப்ப உடம்பு எப்படி குறுகுமோ அதேதான், அன்னிக்கு நெஜமாவே அழுதுட்டேன்.

கால்நுனி:
உங்க அனுபவத்த நான் மறுக்கல, ஆனா வலிய மறைக்கறதும் உணர்ச்சியே இல்லாததும் ஒண்ணா? 1841ல வந்த ஜிசெல்ங்கற பாலே பாருங்க, முதல் அங்கத்தோட கடைசி. காதலன் ஏமாத்திட்டான்னு தெரிஞ்சதும் முடி அவுந்து தொங்க, கொஞ்சம் முன்னாடி அவனோட சந்தோஷமா ஆடுன அதே ஸ்டெப்ஸ பாதி பாதியா, தடுமாறி, தனியா ஆடிப் பாக்கறா. அந்த ஸ்டெப் ஒழுங்கா எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியும், அதனாலதான் அது ஒடையறப்ப தொண்டைய அடைக்குது. இலக்கணம் இல்லாம இது வருமா?

மண்தரை:
அந்த இடத்துல எனக்கும் கண்ணு கலங்கும். ஆனா கிரஹாமோட லாமென்டேஷன் (1930)ங்கற தனி நடனம் பாத்தீங்களா? கதை கெடையாது, காதலன் கெடையாது. ஒரு பெஞ்ச், குழாய் மாதிரி இழுபடற துணிக்குள்ள ஒரு பொண்ணு, முகமும் கையும் பாதமும்தான் தெரியும். உள்ளேர்ந்து முட்டியும் முழங்கையும் தள்ளத் தள்ள துணி இழுத்துக்கிட்டு மூலை மூலையா நிக்கும், தன் தோலுக்குள்ளேர்ந்தே வெளிய வர முடியாம தவிக்கற மாதிரி. பெஞ்ச விட்டு அவ நகர்றதே இல்ல!

பழையபக்கம்:
நடுவுல வர்றேன். பிரான்ஸ் ராஜா 14ஆம் லூயி 1661ல நடன அகாடமி தொடங்குன காலத்துலேர்ந்து வந்தது பாலேவோட ஒழுங்கு, மாடர்ன் டான்ஸ் முன்னோடி இசடோரா டங்கன் வெறுங்காலோட, கார்செட் (இடுப்ப இறுக்கற உள்ளாடை) இல்லாம ஆடுனது அதுக்கு எதிராத்தான். ஆனா பாலேக்காரங்களே அத ஒடைச்சிருக்காங்க, 1913ல பாரிஸ்ல பாலே கலைஞர் நிஜின்ஸ்கி ஆடறவங்கள பாதத்த உள்பக்கமா திருப்பி தரையில ஓங்கி மிதிக்க வச்சாரு, அரங்கத்துல ஒரே ரகளை.

கால்நுனி:
அதேதான் நானும் சொல்றேன். காண்ட்ராக்‌ஷனும் இன்னிக்கு பாலேல வர்ற பிளியே (முழங்கால மடக்கறது) மாதிரி தினம் அடிச்சு அடிச்சுப் பழகற பாடம்தானே, அப்பறம் என்ன சுதந்திரம்? எத்தனையோ மாடர்ன் குழுவுலயே காலைல பாலே கிளாஸ்தான் நடக்குது.

மண்தரை:
சுதந்திரம்னு நான் எங்க சொன்னேன்? பயிற்சி ரெண்டுலயும் உயிர எடுக்கும். பாலே உடம்போட கனத்த மறைக்கப் பழக்குது, இது அந்தக் கனத்த வச்சே பேசுது. இன்னொரு மாடர்ன் டான்ஸ் முன்னோடி டோரிஸ் ஹம்ஃப்ரி, விழறதையும் விழுந்து எழறதையும் வச்சே ஒரு முறைய உருவாக்குனாங்க. ஜெர்மன் நடன அமைப்பாளர் பீனா பாவ்ஷ் 1975ல மேடை பூரா மண்ணக் கொட்டி ஆட வச்சாங்க, ஆட ஆட வேர்வையில மண்ணு ஒட்டி டிரஸ் எல்லாம் கறையாகி, அவங்க மூச்சு வாங்கறது நமக்கே கேக்கும். பாலேல அந்த மூச்ச எனக்கு யாருமே கேக்க விட்டதில்ல.

கால்நுனி:
மண்ணு விஷயம் பாத்திருக்கேன், ரெண்டு நாள் தூங்கல. "பாலே வராதவங்க"ங்கற பேச்சு தப்பு, அதுல நான் உங்க பக்கம்தான். ஜிசெல விட்டுக்குடுக்க மாட்டேன்.