அப்பாவின் டாப்ளர் ஸ்கேன் ரிப்போர்ட்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 61 வயது. கல்லீரல் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய்) என்று போன வருடம் தெரிந்தது. இந்த வாரம் எடுத்த, ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில், கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரையின் விட்டம் 15 மில்லிமீட்டர், ரத்த ஓட்ட வேகம் நொடிக்கு 11 சென்டிமீட்டர் என்று இருக்கிறது. மண்ணீரலும் வீங்கியிருக்கிறதாம். ரத்தக்கட்டி இல்லை.

கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு, குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் இந்தச் சிரை வழியாகத்தான் வருகிறது. வேகம் பொதுவாக 16 முதல் 40 வரை இருக்கும். மூச்சுக்கு ஏற்ப லேசாக ஏறி இறங்கும். கல்லீரல் இறுகினால் உள்ளே போக வழியில்லாமல் அழுத்தம் கூடி, ஓட்டம் மந்தமாகும். முற்றினால் ரத்தம் கல்லீரலை விட்டு எதிர்த்திசையில் ஓடத் தொடங்கிவிடும். அப்பாவுக்குத் திசை இன்னும் சரியாகவே இருக்கிறது. அதுதான் இப்போதைக்கு எங்களுக்கு ஆறுதல்.

ஒரு குழப்பம். அன்று அப்பா இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் ஸ்கேனுக்குப் போனார். வெறும் வயிற்றில் வரச் சொல்லி எங்களிடம் யாரும் சொல்லவில்லை. சாப்பிட்டால் இந்த ஓட்டம் கூடும் என்கிறார்கள். அப்படியென்றால் உண்மையான வேகம் 11-ஐவிடக் குறைவாக இருக்குமோ? மறுபடி எடுக்கச் சொல்லிக் கேட்கலாமா?

அப்புறம், இந்த அழுத்தத்தால் உணவுக்குழாயில் ரத்தக்குழாய் புடைத்திருக்கிறதா என்று பார்க்க எண்டோஸ்கோப்பி செய்தவர்கள் இருந்தால், எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். அப்பா ரொம்பப் பயப்படுகிறார். வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம். வேறு என்னென்ன கேட்க வேண்டும் என்று அதற்குள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.