தெரு மரத்தைச் சுற்றிப் பூசிய சிமெண்டை எப்படி எடுப்பது? (மஞ்சக்குப்பம், கடலூர்)

கெடிலக்கரை:
எங்கள் தெருவில் பெரிய வேம்பும் பூவரசும் நிற்கின்றன. பேவர் பிளாக் பதித்தபோது அடிமரம் வரை சிமெண்டைப் பூசிவிட்டார்கள். அக்னி நட்சத்திரத்தில் தெருவுக்கே இந்த நிழல்தான். ஐப்பசி மழைக்கு முன் சிமெண்டை எடுக்க வேண்டும். எவ்வளவு அகலம், எப்படி? நடுவில் இருக்கும் காலி இடங்களில் என்ன நடலாம்?

வேர்மண்:
அடிமரத்திலிருந்து சுற்றிலும் 1 மீட்டர் திறந்துவிடுங்கள். 2013-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி மரங்களுக்குச் சொன்ன அளவும் அதுதான். மாநகராட்சியில் அனுமதி கேட்டு மனு கொடுக்கும்போது குறிப்பிடுங்கள். பிரேக்கர் இயந்திரம் வேண்டவே வேண்டாம். உளி, சுத்தியல் போதும். தண்ணீர் உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல் 2 அடிக்குள்தான் ஓடும். கட்டைவிரலைவிடத் தடித்த வேர் தென்பட்டால் வெட்டாதீர்கள். ஒரு பக்கம் வேர் போனால் புயலில் மரம் எதிர்ப்பக்கம் சாயும்.

இதற்குப் பிறகுதான் பலர் கெடுக்கிறார்கள். பள்ளத்தை நிரப்பச் செம்மண்ணைக் குவித்து அடிமரத்தை மூடினால் பட்டை ஈரத்திலேயே கிடந்து அழுகும். வேர் பிரியும் அகன்ற பகுதி வெளியே தெரியட்டும். சருகு மூடாக்கு 3 அங்குலம் போடலாம், பட்டையிலிருந்து ஒரு சாண் தள்ளி.

புன்னை நிழல்:
கிளை கழிப்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் இங்கே சாய்த்த மரங்களை நினைத்து, மழைக்கு முன் மொட்டையடிக்கிறார்கள். தவறு. வெட்டிய முனையில் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகளுக்குப் பிடிப்பு குறைவு, அடுத்த காற்றில் பிய்ந்து விழும். காய்ந்தது, உரசுவது, நெருக்கமானது என்று பார்த்து ஆகஸ்டுக்குள் கழியுங்கள். மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் போகக்கூடாது. கனமான கிளையில் முதல் வெட்டு அடிப்பக்கம். இல்லையென்றால் கிளை விழும்போது பட்டையையும் உரித்துக்கொண்டு போகும்.

நடுவதற்குப் புன்னை, புங்கன், பூவரசு. குல்மோகர் வேண்டாம்: வேர் மேலாக ஓடும், கிளை எளிதில் முறியும். பூவரசுக்குப் போத்து (வெட்டிய கிளைத் துண்டு) நடாதீர்கள், ஆணிவேர் இருக்காது, விதைக்கன்று வாங்குங்கள். பையைக் கிழித்ததும் அடியில் சுருண்ட வேரைக் கத்தரியுங்கள். விட்டால் வளர்ந்தபின் தன்னையே நெரிக்கும்.

கெடிலக்கரை:
நன்றி ஐயா. எங்கள் போர் தண்ணீர் உவர்ப்பு. கன்றுக்கு ஊற்றலாமா?

வேர்மண்:
புன்னையும் பூவரசும் ஓரளவு தாங்கும். ஆனால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு மேல்மண்ணிலேயே படியும். வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 2 குடம், ஆழமாக இறங்கும்படி. மாடித் தண்ணீர்க் குழாயைக் குழிப்பக்கம் திருப்பிவிட்டால் மழையே உப்பைக் கழுவிவிடும்.