குரூப் 4: மார்க்கில் போகாமல் பேப்பரில் போன கதைகள் (உங்கள் அனுபவத்தையும் போடுங்கள்)

கரிசல்காட்டு ஜூனியர்

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதி அரசு வேலை வாங்கியவர்களின் பேட்டி நிறையப் பார்த்தாயிற்று. அதிகாலை நாலு மணிக்கு எழுந்தேன், போனைத் தூக்கிப் பரணில் போட்டேன், ஆறாம் வகுப்பு புத்தகத்திலிருந்து எட்டுத் தடவை திருப்பினேன் என்று. எல்லாம் உண்மைதான், நானும் செய்தேன். ஆனால் 2022ல் என் கைக்கு வந்த வேலை போனது திருக்குறளிலும் இல்லை, தனிவட்டியிலும் இல்லை. ஒன்றாம் வகுப்பில் நான் கட்டிய டையில் போனது. அந்த மாதிரிக் கதை உள்ளவர்கள் எழுதுங்கள். முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2019 செப்டம்பர் 1ல் நடந்த குரூப் 4தான் நான் உருப்படியாகப் படித்து எழுதிய முதல் தேர்வு. வரவில்லை. ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் முதல் நூறு இடங்களில் கொத்தாக வந்து, விடைத்தாளில் மறையும் மையால் குறித்த விவகாரம் வெடித்து, 2020 ஜனவரியில் 99 பேருக்கு வாழ்நாள் தடை போட்டார்களே, அதே தேர்வு. அப்புறம் கொரோனா. அடுத்த குரூப் 4 நடந்தது 2022 ஜூலை 24. இடையில் கிட்டத்தட்ட மூன்று வருடம் சும்மா படித்துக்கொண்டே இருந்தோம். அந்த மூன்று வருடத்தில் நான் கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். "தம்பி இப்ப என்ன பண்றாப்ல?" என்று பந்தியில் கேட்பவரிடம் "படிக்கிறேன்" என்றால் இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றிவிட்டுப் போவார்கள். அந்தச் சாம்பார் இறங்காது.

22 லட்சம் பேர் விண்ணப்பித்த அந்தத் தேர்வுக்கு ரிசல்ட் வந்தது 2023 மார்ச் 24. சரியாக எட்டு மாதம். ரிசல்ட் எங்கே என்று ட்விட்டரில் டிரெண்ட் செய்தவர்களில் நானும் ஒருவன். 7,301 என்று ஆரம்பித்த காலியிடம் 10,117 ஆகியிருந்தது. ரேங்க்கைப் பார்த்ததும் தமிழ்வழி ஒதுக்கீட்டில் எனக்கு ஜூனியர் அசிஸ்டென்ட் உறுதி என்று டெலிகிராம் குரூப்பில் எல்லாரும் சொன்னார்கள், அப்பா கறி எடுத்து வந்தார்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை 2010லிருந்தே இருக்கிறது. முன்பெல்லாம் வேலைக்குக் கேட்கும் படிப்பைத் தமிழில் படித்திருந்தால் போதும். 2020ல் சட்டத்தைத் திருத்தி ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியாக இருக்க வேண்டும் என்றாக்கினார்கள். நல்ல திருத்தம் என்றுதான் அப்போது நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். விண்ணப்பத்தில் 'ஆம்' என்று டிக் அடிக்கும்போது பத்தாம் வகுப்பு மட்டும்தான் மனதில் இருந்தது.

சான்றிதழுக்காகப் பழைய பள்ளிக்கூடம் போனேன். கிளார்க் அண்ணன் அட்மிஷன் ரிஜிஸ்டரை எடுத்து மேஜையில் போட்டார். தூசி, அட்டை பிய்ந்து சணல் கயிறு கட்டியது. என் பெயருக்கு நேராக விரலை ஓட்டிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தினார். "தம்பி, நீ இங்க சேந்ததே மூணாம் வகுப்புலதானே? அதுக்கு முன்னாடி மெட்ரிக்குலேஷன்னு போட்டிருக்கே." அப்போதுதான் ஞாபகம் வந்தது. அப்பா சொந்தமாக லாரி வைத்திருந்த இரண்டு வருடம். ரப்பர் வைத்த சிவப்பு டை, வேன், தூக்குவாளிக்குப் பதில் தண்ணீர் பாட்டில். லாரி கைவிட்டுப் போனதும் என்னை ஊர்ப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். அந்த இரண்டு வருடத்தில் நான் கற்ற இங்கிலீஷ் மொத்தமும் ரெண்டு ரைம்ஸ். ரிஜிஸ்டரில் பக்கத்திலேயே அப்பாவின் கையெழுத்து இருந்தது. கிளார்க் அண்ணன் ஒன்றும் பேசாமல் ரிஜிஸ்டரை மூடினார், அவரையும் குறை சொல்ல முடியாது, இல்லாததை எழுதித் தர முடியுமா.

தமிழ்வழி இல்லை என்றானதும் என் ரேங்க்குக்கு இடம் வரவில்லை. அவ்வளவுதான். அப்பாவிடம் காரணத்தை இன்றுவரை முழுதாகச் சொல்லவில்லை. 2024 ஜூன் 9ல் நடந்த தேர்வில் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று போட்டு எழுதி வந்தேன். அது வேறு கதை, அப்புறம் சொல்கிறேன்.

ரெண்டு பிள்ளை அம்மா

உங்கள் டை கதைக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை தம்பி. நானும் அதே 2022 ஜூலை 24தான். பெரியவனுக்கு நான்கு வயது, சின்னவளுக்கு எட்டு மாதம், தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை. காலை எட்டரைக்கு மையத்துக்கு முன்னால் போய் நின்று, காருக்குள் உட்கார இடம் கொடுத்த ஒரு புண்ணியவதியின் காரில் பால் கொடுத்துவிட்டு, என் வீட்டுக்காரர் கையில் பிள்ளையைத் திணித்துவிட்டு உள்ளே போனேன். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அவரை மாதிரி ஏழெட்டு ஆண்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தருக்கொருத்தர் தண்ணீர் பாட்டில், பிஸ்கட் எல்லாம் பரிமாறிக்கொண்டார்களாம். அந்த மூன்று மணி நேரத்தில் அவருக்கு இரண்டு புது சிநேகிதர்கள் கிடைத்தார்கள், ஒருவர் இன்றைக்கும் பொங்கலுக்குப் போன் பண்ணுகிறார்.

உள்ளே என் கதை வேறு. இடது கை பெருவிரல் ரேகை வைக்கச் சொன்னார்கள். துடைக்கத் துணி எடுத்து வரவில்லை, மையைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டேன். விடைத்தாளில் அப்பிவிடுமோ என்ற பயத்தில் கடைசி வரை அந்த விரலை மடக்கி வைத்தே எழுதினேன். வெளியே எந்தப் பிள்ளை அழுதாலும் என் பிள்ளை மாதிரியே கேட்டது. காலமும் வேலையும் கணக்கில் 12 ஆள் 8 நாள் என்று வாசிப்பேன், அழுகை கேட்கும், மறுபடி 12 ஆள் 8 நாள்.

அந்த மை விவகாரத்துக்கு அப்புறம்தானே 'இ' என்று ஐந்தாவது வட்டம் வந்தது. விடை தெரியாவிட்டால் அதையாவது நிரப்ப வேண்டும், எதையும் நிரப்பாமல் ஒரு கேள்வியை விட்டால் தாளே செல்லாது என்று சொல்லியிருந்தார்கள். அப்புறம் ஏ எத்தனை, பி எத்தனை, சி எத்தனை என்று எண்ணி எழுத வேண்டும், அதற்குத் தனியாக 15 நிமிடம். எண்ணிக் கூட்டினால் 199 வருகிறது! மறுபடி எண்ணினேன், அப்போதும் 199. கை வியர்த்து பேனா வழுக்குகிறது. ஒவ்வொரு வரியாகப் பேனாவை வைத்து இறங்கி வந்தால் 143வது கேள்வி வெறுமையாக நிற்கிறது. பிள்ளை அழுதபோது விட்டதாகத்தான் இருக்கும். கேள்வியைத் திரும்பப் படிக்கக்கூட இல்லை, ஒரு வட்டத்தை நிரப்பிவிட்டுக் கூட்டலைச் சரிசெய்தேன்.

பேப்பர் கதை அதற்கப்புறம். எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த சாதிச் சான்றிதழில் கணவர் பெயர் இருந்தது. கல்யாணமான பெண்களுக்கும் அப்பா பெயரில்தான் வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. புதிதாக விண்ணப்பித்து, பிறந்த ஊர் விஏஓ, ஆர்.ஐ., துணை வட்டாட்சியர் என்று ஒவ்வொரு படியாக ஃபைல் ஏறுகிறது, இங்கே எனக்குப் பதிவேற்றக் கடைசி நாள் நெருங்குகிறது. எழுபது வயது அப்பா தன் பழைய டிசியை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு மூன்று நாள் தாலுகா ஆபீஸ் நடந்தார். கடைசி நாளுக்கு முதல் நாள் வந்தது. கல்யாணமான பெண்கள் யாராவது இதைப் படித்தால் இன்றைக்கே உங்கள் சான்றிதழை எடுத்துப் பாருங்கள்.

9.04

என் பெயரே கதையைச் சொல்லும். எங்கள் மாவட்டத் தலைநகரில் ஒரே மாதிரிப் பெயரில் ஆண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்று, பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்று. நடுவில் ஒன்றரை கிலோமீட்டர். ஹால் டிக்கெட்டில் 'பெண்கள்' என்று இருந்ததை நான் பார்க்கவே இல்லை, ஆம்பளைக்கு ஆண்கள் பள்ளிதானே என்று போய்விட்டேன். பட்டியலில் நம்பர் இல்லை. ஓடினேன். 9 மணிக்குக் கேட்டைச் சாத்திவிட்டார்கள், நான் போய்ச் சேர்ந்தது 9.04. அங்கே ஏற்கெனவே பத்துப் பதினைந்து பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒரு அக்கா காவலர் காலில் விழப் போனார், அவர் "எனக்கே கஷ்டமா இருக்கும்மா, சாவி எங்கிட்ட இல்ல" என்றார். தேர்வு 9.30க்குத்தான். அந்த அரை மணி நேரமும் உள்ளே அவர்கள் வராந்தாவில் நடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

முதல் நாளே போய் மையத்தைப் பார்த்துவிட்டு வரச் சொல்வார்கள். பஸ் காசு 40 ரூபாய் மிச்சம் என்று போகவில்லை.

மெஷின் சத்தம்

டைப்பிங் தமிழ், இங்கிலீஷ் இரண்டும் ஹையர் முடித்தவன். இங்கே யாரும் அதைச் சொல்லவில்லையே. பிளஸ் டூ லீவில் அம்மா கட்டாயப்படுத்திச் சேர்த்துவிட்டார். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்று ஒரு மாதம் அடித்தேன், சுண்டுவிரல் வீங்கும், பக்கத்து மெஷினில் ரிப்பன் சிக்கிக்கொள்ளும், மாஸ்டர் ஸ்கேலோடு நிற்பார். இந்தக் காலத்தில் டைப்ரைட்டர் எதற்கு என்று சிரித்தேன். அந்தச் சர்டிபிகேட்தான் டைப்பிஸ்ட் வேலை கொடுத்தது, என்னைவிட அதிக மார்க் எடுத்த நண்பன் வெளியே நிற்கிறான். என்னிடம் கேட்டால், பன்னிரண்டு முடித்த எவனும் அடுத்த பிப்ரவரி, ஆகஸ்ட் பரீட்சைக்கு டைப்பிங்கில் பெயரைக் கொடுத்துவிட்டுத்தான் மற்ற புத்தகத்தைத் தொட வேண்டும்.

ஜெராக்ஸ் கடை

நான் ஆறு தடவை எழுதி வராதவன். இப்போது ஜெராக்ஸ், ஆன்லைன் கடை வைத்திருக்கிறேன். எனவே இந்தப் பேப்பர் கூத்தை இரண்டு பக்கமும் பார்த்தவன்.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் ராத்திரி 11 மணிக்கு என் கடையை வந்து பார்க்க வேண்டும். முப்பது நாள் சும்மா இருந்துவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கியபின் குனிந்து வருவார்கள். டிஎன்பிஎஸ்சி தளத்தில் ஒரு பையனின் நிரந்தரப் பதிவை 150 ரூபாய் கட்டிப் போட்டது அவன் அண்ணன், ஐந்து வருடத்துக்குச் செல்லும், நல்ல விஷயம். ஆனால் போன் நம்பரும் அண்ணனுடையது, அண்ணன் திருப்பூரில் நைட் ஷிப்ட். ஓடிபி அங்கே போகிறது, போன் லாக்கரில் இருக்கிறது. கம்பெனி செக்யூரிட்டிக்குப் போன் போட்டு, அவர் சூப்பர்வைசரைப் பிடித்து, சூப்பர்வைசர் அண்ணனைப் பிடித்து, அண்ணன் நம்பர் சொல்லும்போது ஓடிபி காலாவதி. இரண்டாவது தடவை 11.52க்கு உள்ளே போனோம். பையன் ஒரு வாரம் கழித்து லட்டு வாங்கி வந்தான், தேர்வே எழுதவில்லை அதற்குள்.

அடுத்தது இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, சாதிச் சான்றிதழில் அப்பா பெயரில் ஒரு எழுத்து குறைவு. 'முத்துகிருஷ்ணன்' என்பதில் 'க்' இருக்கிறதா இல்லையா என்று ஒரு குடும்பமே என் கடையில் சண்டை போட்டிருக்கிறது. அப்பாவைக் கேட்டால் "எனக்கு எல்லாரும் முத்துன்னுதான் சொல்லுவாங்க" என்கிறார்.

நூலகத்து மாடி

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. எல்லாரும் பேப்பரைச் சொல்கிறீர்கள், 200 கேள்வியில் 180 சரியாகப் போட்டவனை எந்தப் பேப்பர் நிறுத்தும்? தமிழில் 100 கேள்வி, அதில் 40 சதவீதம் எடுத்தால்தான் அடுத்த பகுதியையே திருத்துவார்கள், அதிலேயே விழுகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் படிப்பு. மதுரையில் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் திறந்ததிலிருந்து தினமும் போகிறேன்.

கரிசல்காட்டு ஜூனியர்

நண்பா, படிக்க வேண்டாம் என்று யார் சொன்னது? 2022லும் நான் 170க்கு மேல்தான். படித்தவனுக்குத்தான் பேப்பர் பிரச்சினையே வரும், படிக்காதவனை யாரும் சான்றிதழ் கேட்டு அழைப்பதில்லை.

2024 கதையைச் சொல்வதாகச் சொன்னேன். அக்டோபர் 28 ரிசல்ட், இந்தத் தடவை ஐந்து மாதத்துக்குள் வந்துவிட்டது. கலந்தாய்வுக்குச் சென்னை போய், பிராட்வேயில் இறங்கி, கையில் பிளாஸ்டிக் ஃபைலோடு போகிற கூட்டத்தைப் பார்த்தே வழி தெரிந்துகொண்டேன். உள்ளே திரையில் மாவட்டம், துறை, மிச்சம் எத்தனை இடம் என்று ஓடுகிறது. என் மாவட்டத்தில் மூன்று இருந்தது. நான் காலையில் சாப்பிட்ட இட்லி மேலே வருகிறது. இரண்டு ஆனது. எனக்கு முன்னால் நின்ற பெண், பாவம், அவளும் எங்கள் பக்கம்தான் போல, கடைசியை எடுத்துக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் முறை வந்தபோது யோசிக்க எவ்வளவு நேரம் கொடுத்தார்கள் என்றே தெரியவில்லை, ஏதோ ஒரு மாவட்டம், வீட்டில் யாருக்கும் பெயர் தெரியாத ஒரு துறை, கையைக் காட்டிவிட்டேன். வெளியே வந்து அப்பாவுக்குப் போன் போட்டால், "அது என்ன ஆபீஸ்ப்பா?" என்கிறார். எனக்கும் தெரியவில்லை. சேர்ந்து இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

புதுசு

எல்லாரும் பெரியவர்கள், ஒரு சந்தேகம். எனக்கு எல்லா வகுப்பும் தமிழ்வழிதான், ஆனால் ஐந்தாம் வகுப்பு வரை படித்த பள்ளியே இப்போது இல்லை, மாணவர் சேராமல் மூடிவிட்டார்கள். கட்டடத்தில் ரேஷன் கடை ஓடுகிறது. யாரிடம் கையெழுத்து வாங்குவது?

ஜெராக்ஸ் கடை

பயப்படாதே தம்பி. இதே கேஸ் போன வருடம் என் கடைக்கு வந்தது. ரேஷன் கடையில் கேட்டால் தெரியாது. மூடுகிறபோது ரிஜிஸ்டரை எங்கே ஒப்படைத்தார்கள் என்று பக்கத்துப் பள்ளி ஹெச்.எம்.மிடம் முதலில் கேள். அந்தப் பையனுக்கு வட்டாரக் கல்வி அலுவலகத்துப் பீரோவில் இருந்தது. ஐந்தாம் வகுப்பு டிசி இருந்தால் அதன் நம்பரைக் குறித்துக்கொண்டு போ, தேடுகிறவர்களுக்கு லேசாக இருக்கும். ஜெராக்ஸ் இரண்டு காப்பி இங்கேயே எடுத்துக்கொண்டு போய்விடு, அந்த ஆபீஸ் பக்கம் கடையும் கிடையாது, செவ்வாய்க்கிழமை மதியம் கரண்டும் இருக்காது.