ஊர்ப்பெயரின் ஈற்றைக் கொண்டு அவ்வூரை நிறுவியவரை அறியலாமா?

கேள்வி:
இங்கிலாந்து வரைபடத்தில் டெர்பி, விட்பி, கிரிம்ஸ்பி என 'பி' என்று முடியும் ஊர்கள் வடக்கிலும் கிழக்கிலுமே செறிந்திருக்கின்றன. தெற்கில் அவை மிக அரிது. அமெரிக்காவிலோ ஆங்கிலம் பேசியோர் குடியேறிய இடங்களுக்கும் நாஷ்வில், நாக்ஸ்வில் எனப் பிரெஞ்சு ஈறு அமைந்திருக்கிறது. இந்த ஈறுகளை வைத்து ஊரை நிறுவியவர் இன்னார் என முடிவு செய்யலாமா?

மறுமொழி 1:
பெயர் நிலைத்த காலத்தில் அங்கே செல்வாக்குப் பெற்றிருந்த மொழி எது என்பதையே ஈறு பெரும்பாலும் காட்டும். 'பி' என்பது பண்ணையையோ சிற்றூரையோ குறித்த, ஸ்காண்டிநேவியரின் பண்டை மொழியான பழைய நார்ஸின் சொல். 9ஆம் நூற்றாண்டில் டேனியர் குடியேறிய பகுதிகளில் அது பரவியது. ஆனால் டெர்பிக்கு அதற்கு முன்பே நார்த்வொர்தி என்ற ஆங்கிலப் பெயர் இருந்தது. ஊர் பழையது, பெயரே பின்னர் வந்தது.

மறுமொழி 2:
ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த அதே வடவர் பிரான்சிலும் தடம் பதித்தார்கள். 911இல் அவர்களின் தலைவர் ரொல்லோவின் கூட்டத்தாருக்கு நிலம் வழங்கப்பட்ட நார்மண்டியில் உள்ள கோட்பெக்கும், இங்கிலாந்தின் கம்பிரியாவில் உள்ள கால்ட்பெக்கும் 'குளிர்ந்த ஓடை' என்ற ஒரே பொருளுடையவை. எனினும் பிரெஞ்சு ஈறுகளில் என்னை மிகவும் ஈர்ப்பது, பிரான்சின் பண்டைக் குடிகளான காலியரின் மொழியிலிருந்து இலத்தீனுக்கு வந்த 'ஆக்கும்' என்பதுதான். நில உடைமையாளரின் பெயரோடு அது சேர்ந்து உருவான 'அவ்ரேலியாக்கும்' என்ற ஒரே வடிவம், தெற்கில் ஈற்று மெய்யைக் காத்து ஒரியாக் என்றும், வடக்கில் தேய்ந்து, விமான நிலையத்தால் நாம் அறிந்த ஓர்லி என்றும் ஆனது. இங்கே ஈறு சொல்வது குடியேற்றத்தை அன்று, ஒலி மாறிய எல்லையை.

மறுமொழி 3:
'வில்' இலத்தீனில் பண்ணை மாளிகையைக் குறித்த 'வில்லா'விலிருந்து வந்தது. நாஷ்வில்லின் முதற்பெயர் நாஷ்பரோ. 1784இல் ஆங்கில ஈறு கைவிடப்பட்டது. விடுதலைப் போரில் பிரான்சு துணைநின்றதால் பிரெஞ்சுப் பெயர்களுக்கு மதிப்புக் கூடியிருந்த காலம் அது. 1780இல் லூயிவில் பதினாறாம் லூயி மன்னரின் பெயரையே பெற்றது.

ஆகவே ஈற்றை மட்டும் நம்பாமல், கிடைக்கும் மிகப் பழைய எழுத்து வடிவத்தைப் பாருங்கள். ரக்பி என்ற ஊரும் 'பி' என்றே முடிகிறது. ஆனால் இங்கிலாந்தின் நிலங்களைக் கணக்கெடுத்த 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே பதிவேட்டில் அது 'ரோச்பெரி'. கோட்டையைக் குறித்த ஆங்கில ஈறே, அண்டை ஊர்களின் டேனியப் பெயர்களைப் பின்பற்றிப் பின்னர் 'பி' ஆகத் திரிந்தது.